பெங்களூரிலிருந்து ஒரு பகல் வழி

பெங்களூரில் வாழும் நம்மவர்க்கு ஞாயிற்றுக்கிழமைப் பயணம் புதியதன்று. ஸ்ரீராம்புரத்தின் நெருக்கமான தெருக்களிலிருந்து விடியுமுன்பே வாடகை வண்டி அமர்த்திக்கொண்டு, புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டி எடுத்துக்கொண்டு, நந்திமலைக்கோ சிவசமுத்திரத்துக்கோ கோலாருக்கோ சென்று, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்புவோர் பலர். மலையில் மூடுபனியைக் காண்கிறார்கள். அருவியில் நீர் விழும் அழகைக் காண்கிறார்கள். கோயிலில் கும்பிட்டு வருகிறார்கள். அக்கோயிற் சுவரிலே, கும்பிட்ட கைக்கு ஒரு முழத் தொலைவிலே, தம் தாய்மொழி எழுத்து ஆயிரம் ஆண்டுகளாக நின்றுகொண்டிருப்பதைக் கண்டு வருவோர் மிகச் சிலரே.

ஸ்ரீராம்புரத்துத் தமிழர் ஒருவரை நோக்கி, "உங்கள் குடும்பம் இவ்வூருக்கு எப்பொழுது வந்தது?" என்று வினவினால், பாட்டனார் மில் வேலைக்கு வந்தார் என்றோ, கொள்ளுப்பாட்டனார் பட்டாளத்தோடு வந்தார் என்றோ விடை கிடைக்கும். அது மெய்யே. 1809-இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டு அமைத்தபொழுது, சென்னை இராணுவத்தோடு தமிழ்ச் சிப்பாய்களும், அவர்களை ஒட்டி வணிகரும் சமையற்காரரும் வண்ணாரும் கொத்தரும் வந்தனர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. பின்னர்ப் பின்னி, மினர்வா, ராஜா மில் எனப் பஞ்சாலைகள் எழுந்தன. வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் வந்தனர். இன்று அவ்வாலைகளின் சங்கொலி இல்லை. ராஜா மில் நின்ற இடத்தில் பெரியதோர் அங்காடி வளாகம் நிற்கிறது. அதன் அருகிலே புறப்படும் மெட்ரோ இரயில், 2014 முதல், ஸ்ரீராம்புரத்தின் கூரைகளுக்கு மேலாக ஓடுகிறது.

இது நம் குடும்பங்களின் வரலாறு. இந்நிலத்தில் தமிழ்மொழியின் வரலாறு இதனினும் மிக நீண்டது. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதால் நமக்கு ஒருவகை அச்சம் வந்துவிடுகிறது. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி இந்நகரில் தமிழர்மீது கலவரம் மூண்டபொழுது, "நாம் நேற்று வந்தவர்கள்" என்ற எண்ணம் பல வீடுகளில் இரவெல்லாம் விழித்திருந்தது. அவ்வச்சத்துக்கு எதிர்விடையாகச் சிலர் கல்வெட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்நிலமே எங்களது" என்று பேசத் தலைப்பட்டதும் உண்டு. அதுவும் பிழை. கல்வெட்டு நிலப்பட்டா ஆகாது. அது யார் வந்தார், யார் கொடுத்தார், யார் பெற்றார் என்பதற்குச் சான்று; அவ்வளவே. அந்தச் சான்று என்ன சொல்கிறது என்பதைச் சாலை வழியே சென்று பார்ப்போம்.

நகர எல்லையிலேயே தொடங்கலாம். தெற்கே ஓசூர்ச் சாலைக்கு அருகில் பேகூர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள நாகேசுவரர் கோயிலில் ஒரு நடுகல் நிற்கிறது. கி.பி. 890-ஐ ஒட்டிய அக்கல், "பெங்களூரு" என்னுமிடத்தில் நடந்த சண்டையில் வீழ்ந்த ஒரு வீரனைக் குறிக்கிறது. கங்கர் காலத்துக் கன்னடக் கல் அது. இந்நகரின் பெயர் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடம் அதுவே. வேட்டைக்கு வந்து வழி தவறிய வல்லாள மன்னனுக்கு ஒரு கிழவி வெந்த அவரைக்காய் கொடுத்தாள், அதனால் "பெந்த காளூரு" என்று பெயர் வந்தது என்னும் கதை, அக்கல் பேசிய பின்பு கதையாகவே நின்றுவிட்டது. ஏனெனில் அக்கல் அந்த வல்லாளனுக்கு ஏறத்தாழ முந்நூறு நானூறு ஆண்டு முந்தியது. 2018-இல் ஹெப்பாளில் கிடைத்த மற்றொரு நடுகல் இன்னும் பழமையானது, கி.பி. 750-ஐ ஒட்டியது, அதுவும் கன்னடமே. நம் பயணத்தின் தொடக்கத்தில் இதைச் சொல்வது முறை.

பேகூரிலிருந்து நகரை நோக்கித் திரும்பும் வழியில் மடிவாளம். அங்குள்ள சோமேசுவரர் கோயிற் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 1247-ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் ஒன்று, வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் வெங்கலூர்ப் பேரேரியின் கீழ் நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. வேப்பூர் என்பது பேகூர். வெங்கலூர் என்பது பெங்களூர். ஒரே ஊர், கன்னடக் கல்லில் ஒரு வாயாலும் தமிழ்க் கல்லில் மற்றொரு வாயாலும் அழைக்கப்படுகிறது. இவ்விரண்டு கல்லுக்கும் இடையே ஆட்டோவில் அரைமணி நேரப் பயணம். இதற்கு ஒரு பகல்கூட வேண்டுவதில்லை.

சோழர் இப்பகுதிக்கு வந்தது பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கி.பி. 1004-ஐ ஒட்டிக் கங்கரின் தலைநகரான தலக்காடு சோழர் கையில் வீழ்ந்தது. மைசூர்ச் சாலையில் சென்று தெற்கே திரும்பினால், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டரில், காவிரி வளைந்தோடும் கரையில் அவ்வூர் உள்ளது. இன்று தலக்காடு என்றால் மணல்மேடும், மணலில் புதைந்த கோயில்களுமே நினைவுக்கு வரும். சோழர் அதற்கு இராசராசபுரம் என்று பெயரிட்டனர். நூறாண்டுக்குச் சற்று மேல் அப்பெயர் வழங்கியது. 1116-ஐ ஒட்டி ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் சோழரின் அதிகாரியான அதியமானை வென்று அவ்வூரைக் கைக்கொண்டான். "தலக்காடு கொண்டவன்" என்று பட்டமும் சூடிக்கொண்டான். அவ்வெற்றியின் நினைவாக எழுந்த கீர்த்திநாராயணர் கோயில் அங்கே இன்றும் உள்ளது. அவன் நாட்டில்தான், காஞ்சியை அடுத்த திருப்பெரும்பூதூரில் பிறந்த இராமானுசர் வந்து தங்கினார். மேல்கோட்டை திருநாராயணபுரம் ஆயிற்று. சோழனை விரட்டிய மன்னனின் நாட்டில் சோழநாட்டு ஆசாரியருக்கு இடம் கிடைத்தது. அக்காலத்து அரசியல் இன்றைய எல்லைக் கோடுகளுக்கு அடங்குவதில்லை.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். சோழர் போன பின்பும் பெங்களூர், கோலார்ப் பகுதிகளில் தமிழ்க் கல்வெட்டுகள் தொடர்ந்து வெட்டப்பட்டன. மடிவாளத்துக் கல்லே 1247-ஐச் சேர்ந்தது. வெட்டுவித்தவர் யார்? ஹொய்சளர் ஆட்சியில் வாழ்ந்தவரே. கன்னடம் பேசிய அம்மன்னர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோழருக்குத் துணையாகத் தமிழகம் சென்று, திருவரங்கத்துக்கு அண்மையில் கண்ணனூரில் தலைநகர் அமைத்தனர். அவருள் வீர இராமநாதன் தென்பகுதியை ஆண்டான். அவன் தலைநகர் பின்னர் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணிக்கு மாறியது. அவன் காலத்துக் கல்வெட்டுகள் பெங்களூர் வட்டாரத்தில் தமிழில் உள்ளன. 1301-ஆம் ஆண்டில் மூன்றாம் வீர வல்லாளன், முரசு நாடு, குவளால நாடு, கைவார நாடு, இலைப்பாக்க நாடு முதலிய நாடுகளில் உள்ள கோயில்களுக்கு வரி நீக்கி ஓர் ஆணை பிறப்பித்தான். அவ்வாணை பல ஊர்க் கோயில்களில் தமிழில் வெட்டப்பட்டது. இலைப்பாக்க நாடு எது என்று தேடி அலைய வேண்டா. அதுவே இன்றைய எலஹங்கா. அரசன் மொழி வேறாயினும், ஊரார் எம்மொழியில் படிப்பரோ அம்மொழியில் ஆணையைக் கல்லில் எழுதுவது அக்காலத்து நிர்வாகம். இக்காலத்து அலுவலகங்களும் இதைக் கண்டு சற்று வெட்கப்படலாம்.

நகரினுள்ளேயே தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் இத்தகைய கல்வெட்டுகளைக் காணலாம். வணிகர் பெருகியிருந்த அவ்வூருக்குத் தேசிமாணிக்கப் பட்டணம் என்ற பெயரும் இருந்தது. சொக்கநாதர் என்றதும் மதுரைச் சிவனை நினைத்துச் செல்பவர்க்கு அங்கே ஒரு வியப்புக் காத்திருக்கிறது. கருவறையில் நிற்பவர் பெருமாள்.

இனி வடக்கே போவோம். நந்திமலை 60 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்குமேல் 1,478 மீட்டர் உயரம். மேலே திப்புவின் கோடை மாளிகை, கோட்டை மதில், செங்குத்தான பாறை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். 1791 அக்டோபரில் காரன்வாலிஸ் பிரபுவின் படை இக்கோட்டையைப் பிடித்தது. 1927-இல் உடல்நலம் குன்றிய காந்தியடிகள் இம்மலைமேல் தங்கி இளைப்பாறினார், 1936-இலும் வந்தார். இவையெல்லாம் அறிந்த செய்திகளே. ஆனால் அடிவாரத்தில் நந்தி கிராமத்துப் போகநந்தீசுவரர் கோயிலில் இறங்காமல் வருவது பெருங்குறை என்று நான் கருதுகிறேன். ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் செப்பேடு இக்கோயிலைக் குறிக்கிறது. நுளம்பர், கங்கர், சோழர், ஹொய்சளர், விசயநகரத்தார் என வந்தவரெல்லாம் ஆளுக்கொரு கல் வைத்துச் சென்றுள்ளனர். அருகருகே இரண்டு சந்நிதிகள். ஒருவர் போகநந்தீசுவரர், மற்றவர் அருணாசலேசுவரர். வடஆர்க்காட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, திருவண்ணாமலையான் பெயரை இவ்வடிவாரத்தில் கேட்டதும் அடையும் மகிழ்ச்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

நந்திமலைக்கு வேறொரு பெருமை உண்டு. பாலாறும் தென்பெண்ணையும் இம்மலைகளைச் சார்ந்த நாட்டிலேதான் பிறக்கின்றன. வடபெண்ணையும் அர்க்காவதியும் அப்படியே. பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழகத்தில் 222 கிலோமீட்டரும் ஓடிக் கடலை அடைகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஊர்களிலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்கள், தம் ஊர் ஆற்றின் பிறப்பிடத்தை நோக்கியே வந்திருக்கிறார்கள். தென்பெண்ணை நகரின் கிழக்கே சென்று, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் புகுந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகத் திருக்கோவலூருக்குச் செல்கிறது. பெங்களூரின் கழிவுநீர் அதில் கலப்பதால் கெலவரப்பள்ளியில் வெண்ணுரை மலைபோல் எழுவதைப் பல ஆண்டுகளில் கண்டிருக்கிறோம். நகரின் மேற்குப் பகுதியின் நீரோ விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் காவிரியோடு சேர்கிறது. 1974 முதல் காவிரி நீரையே குடித்து வரும் நகரம் இது. குடிப்பதும் அந்த ஆறு. கழுவி விடுவதும் அந்த ஆறு. இதில் கன்னடர், தமிழர் என்ற பேதமின்றி நாம் எல்லோருமே பங்காளிகள்.

நந்திச் சாலையில் தேவனஹள்ளியைக் கடந்ததும் ஆவதி என்றொரு சிற்றூர் வரும். 1537-இல் பெங்களூர்க் கோட்டையை எழுப்பிய கெம்பெகௌடரின் முன்னோர் காஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து முதலில் தங்கிய இடம் இது என்பது அக்குடியினரின் மரபுவழிச் செய்தி. முன்பு கண்ட வல்லாளனின் ஆணையில் வரும் முரசு நாட்டின் பெயரே மொரசு ஒக்கலிகர் என்னும் அக்குடியின் பெயரிலும் ஒலிக்கிறது. குடியேறி வந்தவர் என்ற சொல்லை எவர்மீதாவது எறிய நினைப்பவர், ஆவதியில் வண்டியை நிறுத்தி ஒரு குவளை தேநீர் அருந்திச் செல்வது நலம்.

கிழக்குச் சாலையே எனக்கு மிகவும் உகந்தது. பழைய சென்னைச் சாலையில் நகர எல்லையைத் தாண்டுமுன் காடுகோடி. இராசேந்திர சோழன் காலத்து 1043-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, அங்குள்ள பட்டந்தூரில் ஏரி வெட்டி மதகு அமைத்ததைச் சொல்கிறது. வந்த ஆட்சி வரி வாங்கியதோடு நில்லாமல் ஏரியும் வெட்டியது. கணினி நிறுவனங்கள் வானளாவ நிற்கும் அவ்விடத்தில் ஏரியைத் தேடிக் காண்பது இன்று எளிதன்று.

அங்கிருந்து கோலார். பெங்களூரிலிருந்து 70 கிலோமீட்டருக்குள்ளாக வந்துவிடலாம். பழம்பெயர் குவளாலம். சோழர் காலத்தில் நிகரிலிச்சோழ மண்டலத்தைச் சேர்ந்தது. கோலாரம்மன் கோயிலின் சுவரிலும் அடித்தளத்திலும் தமிழ் எழுத்துக்கள் வரிவரியாக ஓடுகின்றன. செங்கல்லால் இருந்த கோயிலை இராசேந்திரன் காலத்தில் கல்லால் எடுப்பித்த செய்தி அங்குள்ளது. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டும் உள்ளது. அம்மனைக் கல்வெட்டு பிடாரியார் என்று அழைக்கிறது. தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர்களில் எல்லைக்காவல் நிற்கும் பிடாரி இவ்வளவு பெரிய கற்றளியில் அரசமரியாதையோடு அமர்ந்திருப்பதைக் கோலாரில் காண்கிறோம். இன்று அவளைக் கும்பிட வருவோர் பெரும்பாலும் கன்னடமும் தெலுங்கும் பேசுவோர். பூசை நின்றதில்லை, மொழிதான் மாறியிருக்கிறது.

கோலாருக்கும் தமிழ் இலக்கணத்துக்கும் உள்ள உறவு ஒன்று பலரும் அறியாதது. பள்ளியில் நன்னூல் படித்தவர்கள் பவணந்தி முனிவரை அறிவார்கள். அந்நூலை இயற்றுவித்தவன் சீயகங்கன் என்னும் சிற்றரசன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தின் வடபகுதியில் சோழருக்கு அடங்கி ஆண்ட அவன், தன்னைக் குவளாலபுர பரமேசுவரன் என்று கல்வெட்டுகளில் கூறிக்கொண்டான். அஃதாவது கோலாரின் தலைவன். கோலார் அப்பொழுது அவன் கையில் இல்லை. அது கங்கர் குலத்தின் பழைய பெருமை. ஊரை விட்டு வந்த குடி தன் பெயரோடு சுமந்து வந்த ஊர்ப்பெயர். நம்மில் பலர் பெயருக்குமுன் நிற்கும் எழுத்தும் இத்தகையதே. கன்னட நாட்டை ஆண்ட கங்கர் வழியில் வந்தவன் தமிழுக்கு இலக்கணம் செய்வித்தான்.

இக்கற்களைப் படிப்பது எப்படி என்று சிலர் கேட்கக்கூடும். முழுவதும் படிக்கப் பயிற்சி வேண்டும். ஆயினும் தமிழ்க் கல் என்று அடையாளம் காண அதிகம் வேண்டியதில்லை. தொடக்கத்தில் பெரும்பாலும் "ஸ்வஸ்திஸ்ரீ" என்ற மங்கலச் சொல் கிரந்த எழுத்தில் இருக்கும். அதன்பின் ட, ப, ம போன்ற எழுத்துக்கள் இன்றைய உருவுக்கு அண்மையிலேயே நிற்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் இராது. அதனால் குழந்தைகள் முதலில் திகைப்பர், பிறகு விளையாட்டாகவே பிடித்துக்கொள்வர். தமிழ் எழுத்தறியாது வளரும் நம் பிள்ளைகளுக்கு முதல் எழுத்தைக் கோலாரம்மன் சுவரிலே காட்டுவது, வீட்டில் பலகையில் காட்டுவதைவிட நெடுநாள் நிற்கும். சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்புப் பூச்சும் பல கோயில்களில் எழுத்தை மறைத்துவிட்டன. திருப்பணி என்ற பெயரால் கல் உடைபட்டதும் உண்டு. பெங்களூரிலேயே 1837-இல் பிறந்த லூயிஸ் ரைஸ் என்னும் ஆங்கிலேயர், ஊர் ஊராகப் படியெடுத்து, பெங்களூர், கோலார் மாவட்டத் தொகுதிகளை 1905-இல் அச்சிட்டிராவிடில், காணாமற்போன கற்களின் வாசகமும் போயிருக்கும். கன்னடக் கல்லென்றும் தமிழ்க் கல்லென்றும் பாராமல் அவர் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். இன்று பெங்களூர் மிதிக் சங்கத்தைச் சார்ந்தவர்கள் இவ்வட்டாரக் கற்களைக் கணினிப் படங்களாகப் பதிவு செய்து வருகின்றனர்.

கோலாரிலிருந்து மேலும் கிழக்கே முப்பது கிலோமீட்டரளவில் தங்கவயல். இங்கே கல்வெட்டு எழுதியவர் எவருமிலர். கல்லை வெட்டியவர் நம்மவர். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கப் பணியைத் தொடங்கினர். வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர், அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள், குடும்பத்தோடு வந்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழம் இறங்கியது. திவான் சேஷாத்ரி ஐயரின் முயற்சியால், சிவசமுத்திரத்தில் நாம் கண்டு மகிழும் அந்த அருவியின் நீரிலிருந்து 1902-இல் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்குக் கொண்டுவந்தனர். பெங்களூர் நகருக்குத் தெருவிளக்கு வந்தது 1905-இல். சுரங்கத்துக்கு வெளிச்சம் மூன்றாண்டு முன்னரே வந்துவிட்டது. குடிநீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. அது பாலாற்றின் நீர். ஊரைவிட்டு வந்தவர்களை ஊர் ஆறு இங்கும் விடவில்லை.

அவர்கள் வெறும் கூலிகளாக வாழ்ந்தவரல்லர். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய "தமிழன்" இதழ், அவர் 1914-இல் மறைந்தபின், 1920-களில் அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிடப்பட்டது. பௌத்தமும் பகுத்தறிவும் சங்கமும் பேசிய தமிழ் அச்சுக்கூடம் இங்கிருந்தது. 1930-இல் கைரேகை பதியும் ஆணையை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர் திரண்டு வேலைநிறுத்தம் செய்தனர். பெங்களூரில் தமிழ்ச் சங்கம் தோன்றிய 1950-க்கு ஒரு தலைமுறை முன்பு நடந்தவை இவை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. இன்று செல்பவர் காண்பது, சயனைடு மண் குவிந்த வெளிறிய குன்றுகளும், துருவேறிய சுரங்கத் தூக்குக் கம்பங்களும், வரிசை வீடுகளும்தான். காற்றடிக்கும் நாளில் அக்குன்றுகளின் தூள் ஊர்மீது படியும்; ஆகவே காலையிலேயே பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது. மாலையில் திரும்புவோர், எதிர்த்திசையில் பெங்களூரிலிருந்து நிறைந்த வண்டியொன்று தங்கவயலை நோக்கி வருவதைக் காணலாம். சுரங்கம் மூடியபின் அவ்வூர் மக்கள் ஆயிரக்கணக்கானோர், விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறி, பெங்களூரில் தொழிற்கூடங்களிலும் அலுவலகங்களிலும் வேலை செய்து, இரவில் வீடு திரும்புகின்றனர். நாம் ஞாயிறுதோறும் சென்றுவரும் தொலைவை அவர்கள் மற்ற ஆறு நாளும் கடக்கிறார்கள்.